நகரப் பணியாளர்க்கு உரிய ஊதியம் எது?

மதுராந்தகம் வட்டத்துப் படாளம் நகரமன்று. பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் தொட்டுச் செல்கின்ற ஊர். வேடந்தாங்கலுக்குப் பறவை காணச் செல்வோர் இங்கே திரும்புகின்றனர். கரும்பு விளைவிப்போர் இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை அறிவர். ஆயினும் இவ்வூரை நடுவாக வைத்து நோக்கின், நகரங்கள் சூழ நிற்பது விளங்கும். தெற்கே மதுராந்தகம் நகராட்சி. வடக்கே பாலாற்றைக் கடந்தால் செங்கல்பட்டு நகராட்சி. அதற்கப்பால் மறைமலைநகர், கூடுவாஞ்சேரி. அதற்கும் அப்பால் 2021ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்த்தப்பெற்ற தாம்பரம். இந்நகரங்களில் விடியுமுன் தெருக் கூட்டுவோர், குப்பை வண்டி தள்ளுவோர், குடிநீர்க் குழாய் திறந்துவிடுவோர், கொசுமருந்து அடிப்போர், தெருவிளக்குப் பழுது பார்ப்போர், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுவோர் எனப் பலர் பணியாற்றுகின்றனர். இவர்கட்கு எவ்வளவு கொடுத்தால் அது நேர்மையான ஊதியமாகும்? இவ்வினாவை அரசியலாருக்கும் சங்கத் தலைவர்களுக்கும் உரியதென ஒதுக்கிவிடுவது உலக வழக்கு. இஃது அறவினாவும் ஆகும் என்பதே நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர் பலர் அமர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் பெண்டிர். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்ததே காரணம். நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழியாக மாநகராட்சியின் கீழேயே ஆண்டுக்கணக்கில் உழைத்து, மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்று வந்த தமக்கு, இனி ஏறத்தாழ 16,000 ரூபாயே கைக்கு வரும் என்பது அவர்தம் முறையீடு. வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு, விடுப்பு முதலியன ஒப்பந்த நிறுவனத்தால் கிடைக்கும், எவரும் வேலை இழக்கமாட்டார் என்பது மாநகராட்சியின் மறுமொழி. பதின்மூன்று நாள் கழிந்தபின், உயர்நீதிமன்ற ஆணையைக் காட்டி, நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர். மறுநாளே அமைச்சரவை கூடிக் காலையுணவு, காப்பீடு, வீட்டுவசதி, பிள்ளைகட்குக் கல்வியுதவி எனச் சில நலத்திட்டங்களை அறிவித்தது.

இச்செய்தியைப் படித்த நல்லோர் பலரும் ஒரு கேள்வி கேட்டனர். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது மக்கள் வரிப்பணத்தைக் கொண்டு கூடுதல் ஊதியம் ஏன் தரவேண்டும்? தனியார் கடையில் நாள் முழுதும் நிற்கின்ற பெண்ணுக்கு இவ்வளவு கிடைக்கிறதா? இக்கேள்வியில் வன்மையில்லை, கணக்குத்தான் உள்ளது. கணக்கில்தான் பிழை.

படாளத்துக் கரும்பு உழவரிடம் கேட்டால் இப்பிழை எளிதில் விளங்கும். வெட்டிய கரும்பு காத்திராது; வெயிலில் காய்ந்து எடையும் சாறும் குறையும். ஆலைக்கு அவசரமில்லை, உழவருக்கே அவசரம். இவ்வாறு ஒருவன் காத்திருக்க முடியாதவனாகவும் மற்றொருவன் காத்திருக்க வல்லவனாகவும் இருக்குமிடத்து நிகழும் பேரத்தை நேர்மையான பேரம் என்று எவரும் கூறார். ஆகவேதான் கரும்புக்கு அரசு விலை குறித்தது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த பதினான்கு நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்றும் விதித்தது. உழைப்போ கரும்பினும் விரைவில் அழியும் பொருள். இன்று விற்காத நாளை நாளைக்கு வைத்து விற்க இயலாது. கரும்புக்கு விலை குறிப்பதை நியாயம் என ஏற்கும் நாம், அதே ஊரில் கரும்பு விளையாத வீட்டார் விற்கின்ற ஒரே பொருளுக்கு மட்டும் சந்தை முடிவு செய்யட்டும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

சரி, அளவை எது? இதற்கு விடை காண வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நீலகிரிக்குச் சென்றால் போதும். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவராக 1935 முதல் 1945 வரை பணியாற்றியவர் வாலஸ் அய்க்ராய்டு என்னும் ஆங்கிலேய அறிஞர். உழைக்கும் ஒருவனுக்கு நாளொன்றுக்கு எத்துணை உணவாற்றல் தேவை என அவர் ஆராய்ந்து கண்டதை அடிப்படையாகக் கொண்டு, 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவை வகுத்தது. நாளொன்றுக்கு ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை தனியே, எரிபொருள், விளக்கு முதலியவற்றிற்கு நூற்றுக்கு இருபது பங்கு. பின்னர் 1991இல் உச்சநீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருமணம், முதுமை ஆகியவற்றிற்காக இதன்மேல் மேலும் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு சேர்க்கவேண்டும் என்றது. மைய அரசின் ஏழாவது ஊதியக்குழு இவ்வழியிலேயே கணக்கிட்டு, 2016 சனவரி முதல் கடைநிலை ஊழியரின் அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய் என முடிவு செய்தது. தமிழக அரசு 2017இல் அதனை 15,700 என வைத்தது. அகவிலைப்படி முதலியன இதன்மேல் சேரும்.

அக்குழுவின் பட்டியலில் மீனும் இறைச்சியும் முட்டையும் இடம்பெற்றுள்ளமை நமக்கு உடன்பாடன்று. அது வேறு செய்தி. நாம் சுட்ட விரும்பும் குறை மற்றொன்று. அக்கணக்கில் குடும்பம் என்பது உழைப்பவர், வாழ்க்கைத் துணை, இரு குழந்தைகள் ஆகிய நால்வரே. துணைக்கு எட்டில் பத்தென அன்று, பத்தில் எட்டுப் பங்கு; குழந்தைக்குப் பத்தில் ஆறு; ஆக மூன்று அலகு. முதிய தாய் தந்தையர்க்கு அங்கே இலையே போடப்படவில்லை. நம் நாட்டில் எந்த வீட்டில் பெற்றோர் கணக்கில் சேராதிருக்கின்றனர்? ஆகவே இவ்வளவை மிகை என்று சொல்வோர், அது குறைவாகவே அளந்த அளவை என்பதை உணரவேண்டும்.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். அரசு இவ்வளவையைத் தானே வகுத்துத் தன் நிலையான ஊழியர்க்குக் கொடுக்கிறது. அதே தெருவை, அதே துடைப்பத்தால், அதே நேரத்தில் கூட்டுகின்ற மற்றொருவர்க்கு வேறோர் அளவையால் அளக்கிறது. ஒருவர் பதிவேட்டில் இருக்கிறார், மற்றவர் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருக்கிறார் என்பதே வேறுபாடு. விலைவாசி ஏறினால் முன்னவர்க்கு அகவிலைப்படி ஏறும். பின்னவர்க்கு விலைவாசி மட்டும் ஏறும்.

தத்வார்த்த சூத்திரம் அணுவிரதங்களின் அதிசாரங்களைக் கூறுமிடத்து, கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக, கொள்ளும்போது மிகையாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்பதை வைத்துள்ளது. நம்மவர் பலரும் வணிகராதலின் படி, மரக்கால், துலாக்கோல் எனவே இதனை விளக்கி வந்துள்ளனர். கைக்கோலை மட்டும் கருதிய விதியன்று அது. இருவரிடம் ஒரே அளவு உழைப்பை வாங்கி, இருவேறு படியால் கூலி அளப்பதும் அதனுள் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம். கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களோ இன்னும் நேராகப் பேசுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் என்னும் மூன்றோடு, அளவிறந்த சுமை ஏற்றுதலும், உணவும் நீரும் தடுத்தலும் அங்கே எண்ணப்பட்டுள்ளன. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்பெறும் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும் இவற்றையே கூறுகிறது. வண்டிமாட்டுக்குப் பாரம் மிகுத்தலாகாது, வேளைக்குத் தீனி வைக்கவேண்டும் எனக் குழந்தைகட்கும் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். மாட்டுக்குச் சொன்ன அறம் மனிதர்க்கு இல்லாது போகுமோ? மூவர் பார்க்கவேண்டிய தெருக்களை ஒருவர்மேல் ஏற்றி, மூன்று மாதக் கூலியை நிறுத்திவைத்தால், அங்கே இரண்டு அதிசாரங்களும் ஒருங்கே நிகழ்கின்றன.

சட்டம் எவ்வளவு தூரம் இதனோடு வந்துள்ளது என்பதையும் பார்க்கவேண்டும். முறையான தெரிவின்றிப் பணியில் சேர்க்கப்பட்டோர் நிலையான பணியை உரிமையாகக் கோர முடியாது என உச்சநீதிமன்றம் 2006இல் உமாதேவி வழக்கில் கூறிற்று. கொல்லைப்புற வழியாக வேலை கொடுத்தால், வேலைவாய்ப்பகத்தில் பதிந்து காத்திருப்போர்க்கு அநீதி என்பது அதன் கருத்து. அதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதே நீதிமன்றம் 2016 அக்டோபரில், பஞ்சாப் மாநிலத்து ஊழியர் வழக்கில், அரசின் தற்காலிக ஊழியர் நிலையான ஊழியர் செய்யும் அதே பணியைச் செய்தால், அப்பணிக்குரிய ஊதிய விகிதத்தின் தொடக்க ஊதியத்தைப் பெற உரியவர் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை தெளிவாகும். நிலையான பணி வேறு, நேர்மையான ஊதியம் வேறு. முன்னதற்குத் தடை இருக்கலாம். பின்னதை மறுப்பதற்கு அத்தடையைக் காரணமாகக் காட்டுதல் கூடாது.

இங்கேதான் ஒப்பந்தக்காரர் இடையில் வருகிறார். 2022 அக்டோபரில் வெளியான 152ஆம் எண் அரசாணை, சென்னை தவிர்த்த பிற மாநகராட்சிகளில் பல பணிகளை வெளி நிறுவனங்களின் வாயிலாகச் செய்வித்துக்கொள்ள வழிசெய்தது. இடையில் ஒருவர் வந்துவிட்டால், "அவர் எங்கள் ஊழியரல்லர்" என்று நகராட்சி கூறலாம். "நகராட்சி கொடுத்த தொகைக்கு இவ்வளவே கொடுக்க முடியும்" என்று ஒப்பந்தக்காரர் கூறலாம். இருவர் கூற்றும் ஏட்டளவில் உண்மை. சட்டம், முதலாளி யார் என்று கேட்கிறது. வினைக்கொள்கை அவ்வாறு கேட்பதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றனையும் அது ஒரு வரிசையில் வைக்கிறது. செபமாலையின் நூற்றெட்டு மணிகளுக்குப் பொருள் கூறும்போது இம்மூன்றையும் சேர்த்தே பெருக்கிக் கணக்குச் சொல்கிறோம் அல்லவா? கூலியைக் குறைப்பவர் ஒப்பந்தக்காரர். குறைந்த புள்ளி கேட்டவர்க்கே பணி என்று முத்திரையிட்டுக் குறைப்பிப்பது நகராட்சி. வரி ஏறாதது நலமே என மனம் மகிழ்ந்து உடன்படுவோர் நகரமக்கள். இடையில் ஒருவரை நிறுத்துவதால் வினை பாதியாவதில்லை, பங்காளிகளே பெருகுகின்றனர்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படும். அது வலுவான தடையே. நகராட்சியிடம் பணமில்லை. 1992இல் இயற்றப்பெற்று 1993 சூனில் நடைமுறைக்கு வந்த எழுபத்து நான்காவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகட்குக் கடமைகளைப் பட்டியலிட்டுத் தந்தது. கடமை வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. சொத்துவரியின் கதையோ யாவரும் அறிந்தது. தமிழகத்தில் நெடுங்காலம் ஏற்றாது விட்ட வரியை 2018இல் ஏற்றினர். எதிர்ப்பு எழவே 2019இல் நிறுத்திவைத்தனர். 2022இல் மீண்டும் ஏற்றினர். மீண்டும் கூக்குரல் எழுந்தது. வரி ஏறலாகாது, தெரு தூய்மையாயிருக்க வேண்டும், குழாயில் நாள்தோறும் நீர் வரவேண்டும், சாக்கடை தேங்கலாகாது என்றால், அவ்விடைவெளியை யாரோ ஒருவர் தம் வயிற்றால் நிரப்புகிறார் என்பதே பொருள். அவர் யார் என்பதை விடியற்காலையில் வாயிலைத் திறந்தால் காணலாம். பணமில்லை என்பது பணியைக் குறைக்கக் காரணமாகலாம். வாங்கிய பணிக்குக் குறைத்துக் கொடுக்கக் காரணமாகாது. வாணிபத்தில் இதனை நாம் நன்கறிவோம். கையில் பொருளில்லாதவன் சரக்கு வாங்காதிருக்கலாம். வாங்கிவிட்டுப் பாதி விலை கொடுப்பதற்குப் பெயர் வேறு.

மற்றொரு தடையும் உண்டு. நிலையான ஊழியர் பலர் சம்பளம் முழுதும் வாங்கிக்கொண்டு வேலை செய்வதில்லை. சான்றிதழுக்குக் கையூட்டுக் கேட்கின்றனர். ஆகவே ஒப்பந்தமுறையே நன்று என்பர். ஊழியருள் இத்தகையோர் இருப்பது உண்மை. அரசுப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் இருப்போர் நம் குடும்பங்களிலும் பலராதலின் இதனை மழுப்பாமல் சொல்லலாம். முழு ஊதியம் வாங்கி அரைப்பணி செய்வதும் குறைத்து அளத்தலேயாகும். படி இங்கே ஊழியர் கையில் இருக்கிறது, அவ்வளவே. அதற்கு மருந்து மேற்பார்வையும் தண்டனையும். நாற்காலியில் இருந்தவர் செய்த தவற்றுக்குத் துடைப்பம் பிடித்தவரின் ஊதியத்தைக் குறைப்பது எந்த நீதியைச் சேரும்?

குறைந்த ஊதியம் இத்துணை எளிதாக நிலைபெறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் முறையன்று. குப்பையும் கழிவும் அள்ளுவோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். தலைமுறை தலைமுறையாக அவர்க்கே அப்பணி என்று ஊர் எண்ணிப் பழகிவிட்டது. பழகிய கண்ணுக்கு அவ்வுழைப்பின் திறமும் தெரிவதில்லை, இடரும் தெரிவதில்லை. கழிவுத் தொட்டியில் இறங்கி மாண்டோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டும் என 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013 முதலே இருந்தும் இழப்பீட்டை உயர்த்த வேண்டிய நிலை இருந்ததென்றால், இறப்புகள் நின்றபாடில்லை என்பதே பொருள். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பியாத அறத்தைப் பின்பற்றுவோர்க்கு இஃது உறுத்தவேண்டிய செய்தி.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் மெம்பிசு நகரில் 1968 பிப்ரவரி முதல் நாள், எக்கோல் கோல், இராபர்ட் வாக்கர் என்னும் இரு கறுப்பினத் தூய்மைப் பணியாளர் மழைக்கு ஒதுங்கிய குப்பை வண்டியிலேயே இயந்திரத்தால் நசுங்கி மாண்டனர். ஏறத்தாழ 1,300 பணியாளர் வேலையை நிறுத்தினர். ஊதிய உயர்வு அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. ஆனால் அவர்கள் கையிலேந்திய அட்டைகளில் தொகை எதுவும் எழுதப்படவில்லை, "நான் ஒரு மனிதன்" என்றே எழுதப்பட்டிருந்தது. அவர்கட்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் அந்நகரிலேயே ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ஆம் நாள் நகராட்சி இணங்கிற்று.

சலுகைகளைப் பற்றியும் ஒரு சொல். காலையுணவு கொடுப்பது நன்றே. பசியாற்றும் எதனையும் நாம் பழிக்கமாட்டோம். தீபாவளிக்குச் சேலை கொடுக்கும் தெருவாசிகளும் நல்லெண்ணத்தினரே. ஆயினும் தானம் எது என்பதற்குத் தத்வார்த்த சூத்திரம் தரும் இலக்கணம், தன் பொருளைத் துறந்து கொடுத்தல் என்பது. பிறர்க்கு உரிய பொருளை அவர்க்கே கொடுத்தல் தானமாகாது, கடன் தீர்த்தலாகும். உரியதில் பத்துப் பங்கைப் பிடித்துவைத்து ஒரு பங்கை இலையில் வைத்துப் பரிமாறினால், அங்கே ஆகார தானத்தின் புண்ணியம் எங்கிருந்து வரும்? ஓய்வூதியத்தைப் பற்றி 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகரா வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்ததும் இக்கருத்தே. அது முதலாளி மனமிரங்கி இடும் கொடையன்று, முன்னர்ச் செய்த பணிக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. ஊதியத்தோடு சேர்ந்த பிறவும் அவ்வாறே. நோயுற்ற நாளில் கூலி பிடிக்கப்படாமை, கிழியாத கையுறை, விபத்துக்குக் காப்பீடு, முதுமைக்கு வைப்புநிதி, இவை சலுகைகள் அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவுக்கு வரும் பெண்ணுக்கு நண்பகல் வரை ஒதுங்க ஒரு கழிப்பறை வேண்டும் என்பதை எந்த ஊதியக்குழுவும் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை. வார்டுக்கு ஒன்று கட்ட ஆகும் செலவு பெரிதன்று.

நம்மவர் ஊர்தோறும் சிறு எண்ணிக்கையினரே. நகர்மன்றத்தைத் திருப்பும் வலிமை நமக்கில்லை எனச் சிலர் கூறலாம். எண்ணிக்கை வேண்டாத செயலும் உண்டு. நகராட்சி விடும் ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் இரகசியமல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எவரும் விண்ணப்பித்துப் படி பெறலாம். பெற்றதும் நான்கு செய்திகளைப் பார்க்கவேண்டும். ஒரு பணியாளர்க்கு ஒருநாள் ஊதியமாக நகராட்சி கணக்கிட்டுக் கொடுக்கும் தொகை எவ்வளவு. அதில் அவர் வங்கிக் கணக்கில் சேர்வது எவ்வளவு. எந்தத் தேதிக்குள் சேரவேண்டும். பிடித்த வைப்புநிதியைச் செலுத்தியதற்குப் பற்றுச்சீட்டு உண்டா. பின்னர் தம் தெருவில் பணிசெய்பவரிடம் அவர் பெயரைக் கேட்டறிந்து, கையில் வந்த தொகை எவ்வளவு என்றும் கேட்கலாம். இரண்டு தொகைகளும் ஒத்துவராவிடின், அக்காகிதத்தை வார்டு உறுப்பினரிடம் கொண்டுசென்று கொடுத்து, அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுப்புமாறு கேட்கலாம்.